நாலாம் மாசத்துத் தையல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தம்புசெட்டித் தெரு. காளிகாம்பாள் கோயிலும் கப்பல் ஏஜென்ட் அலுவலகங்களும் வக்கீல் அறைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவிலிருந்து ஒரு மருத்துவ மாத இதழ் பல ஆண்டுகள் வெளிவந்தது. பெயர் ‘தி ஆன்டிசெப்டிக்’. 1904இல் டாக்டர் யு.ராமா ராவ் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் யு.கிருஷ்ணா ராவும் அதன் ஆசிரியராக இருந்தார். சென்னை மேயராகவும், துறைமுகம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், பின்னர் பேரவைத் தலைவராகவும் இருந்தவர் அவர்.

இந்த இதழின் 1955ஆம் ஆண்டுத் தொகுதியில் சிறிய கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் பம்பாயின் மகப்பேறு மருத்துவர் வி.என்.ஷிரோத்கர். நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் நடுவே திரும்பத் திரும்பப் பிள்ளையை இழக்கும் பெண்களுக்காக அவர் கண்டுபிடித்த அறுவை சிகிச்சையைப் பற்றியது. கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஒரு தையல். உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவப் புத்தகங்களில் இன்றுவரை அதற்கு ‘ஷிரோத்கர் தையல்’ என்றே பெயர். அந்தக் கண்டுபிடிப்பு முதலில் அச்சேறியது லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை; நம் சென்னை இதழில்.

தம்புசெட்டித் தெருவிலிருந்து வடக்கே போனால் ராயபுரம். அங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ராஜா சர் ராமசாமி முதலியார் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய சவலை ராமசாமி முதலியாரின் கொடை அது. வடசென்னைக்காரர்களுக்கு ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ என்று சொன்னால் போதும். காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பிள்ளை பெறப் போகிற இடம்.

இந்தத் தையலைப் போடத் தெரிந்த கைகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. நூலும் ஊசியும் விலை உயர்ந்தவை இல்லை. ஆனால் யாருக்கு, எந்த வாரத்தில் போடுவது என்று டாக்டர் முடிவெடுக்க ஒரு தகவல் வேண்டும். போன தடவை அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்ற தகவல். வடசென்னையில் பல பெண்களிடம் அது ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதப்படாமல் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஆதங்கம்தான்.

வலியில்லாமல் வரும் இழப்பு

கர்ப்பப்பையின் மேல்பகுதி முழுக்கத் தசை. பிள்ளையை வெளியே தள்ளும் வலு அங்கேதான் இருக்கிறது. கீழே கழுத்துப் பகுதியில், அதாவது கர்ப்பப்பை வாயில், தசை குறைவு. கொலாஜன் என்ற நார்ப்பொருளே அதிகம். மாதக்கணக்கில் இறுகி மூடியிருந்துவிட்டு, பிரசவம் நெருங்கும்போது மட்டும் இளகி, குட்டையாகி, விரிந்து வழிவிடுவது அதன் வேலை. ஐந்தாம் மாத வாக்கில் ஸ்கேனில் அளந்தால் பொதுவாக 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்.

சிலருக்கு இந்த இளக்கம் நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் திறப்பது உள்வாய். பனிக்குடம் மெல்ல அதற்குள் இறங்கும். 35 மில்லிமீட்டர் இருந்த நீளம் 25 ஆகும், 15 ஆகும். பிறகு வெளிவாயும் திறந்து பனிக்குடப் படலம் யோனிக்குள் தெரியும். அங்கேயிருக்கும் கிருமிகள் தொற்றிக்கொள்ளும். குடம் உடையும். அதன்பின் நடப்பதை நிறுத்துவது கடினம்.

இவ்வளவும் நடக்கும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது. அடிவயிற்றில் ஒரு கனம், இடுப்பில் லேசான இழுப்பு, வழக்கத்தைவிட அதிகமாக வெள்ளைப்படுதல் - அவ்வளவுதான். “சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். பாத்ரூம் போனப்போ ஏதோ கீழ இறங்கின மாதிரி இருந்துச்சு” என்கிற தினுசில்தான் இந்த இழப்பைப் பற்றிப் பெண்கள் சொல்வார்கள். 20 வாரத்துப் பிள்ளைக்கு முகம் வந்திருக்கும், விரல் வந்திருக்கும், அசைவு தெரிய ஆரம்பித்திருக்கும். எடை அரைக் கிலோகூட இருக்காது. காப்பாற்ற வழியில்லை.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது அதற்கும் கீழேதான் இந்தக் கோளாறு. பிறவியிலேயே நார்த்திசு பலவீனமாக இருக்கலாம். கர்ப்பப்பையின் அமைப்பே மாறியிருக்கலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்காக வாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கலாம். முந்தைய பிரசவத்தில் கிழிந்திருக்கலாம். வாய் முழுக்கத் திறந்த பிறகு, கடைசி நேரத்தில் செய்த சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு இந்த ஆபத்தைக் கொண்டுவரும். பலமுறை வாயை விரித்து ‘டி அண்ட் சி’ செய்திருந்தாலும் அப்படித்தான். பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். தண்ணி லாரியிலிருந்து குடம் தூக்கியதால் இது வந்ததில்லை. மாடி ஏறியதால் வந்ததில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ குலுங்கியதால் வந்ததில்லை. ஆனாலும் வீட்டில் முதலில் எழுகிற கேள்வி “நீ என்னடி பண்ண?” என்பதாகத்தான் இருக்கிறது. பிள்ளையையும் இழந்து பழியையும் சுமக்கும் பெண்ணிடம் மாமியாரும் புருஷனும் கேட்கக்கூடாத கேள்வி அது.

மருத்துவக் குறிப்பில் நடப்பது இன்னொரு வகை அநியாயம். எட்டாவது வாரத்தில் கரு கலைவதும் இருபதாவது வாரத்தில் வலியின்றிப் பிள்ளை நழுவுவதும் வேறுவேறு நோய்கள். காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. ஆனால் கர்ப்பிணியின் அட்டையில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன: ‘ஏ’. மூன்றாவது கர்ப்பம், முன்பு இரண்டு அபார்ஷன் என்றால் ‘ஜி3 ஏ2’. எத்தனையாவது வாரம், முதலில் வலி வந்ததா குடம் உடைந்ததா, காய்ச்சல் இருந்ததா, பிள்ளை உயிரோடு வந்ததா - எல்லாம் அந்த ‘ஏ2’வுக்குள் புதைந்துவிடும். கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடிகிற டாக்டருக்கு அதைத் தோண்டி எடுக்க நேரம் எங்கே?

கேட்டுக் கண்டுபிடித்தவர்

ஷிரோத்கர் அப்படித் தோண்டியவர். கோவாவின் ஷிரோடா கிராமத்தில் 1899இல் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் படித்து, 1931இல் இங்கிலாந்தின் எஃப்.ஆர்.சி.எஸ். பெற்றுத் திரும்பி, ஜே.ஜே. மருத்துவமனையிலும் கிரான்ட் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். நடுமாதங்களில் பிள்ளை தவறினால் படுக்கை ஓய்வு, ஹார்மோன் ஊசி என்பதுதான் அன்றைய வைத்தியம். எவ்வளவு ஓய்வெடுத்தும் எவ்வளவு ஊசி போட்டும் சிலருக்கு மட்டும் கரு தங்குவதே இல்லை என்பதை அவர் கவனித்தார். அவர் எழுதியது சுமார் 30 பெண்களைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு இழப்புகள். சிலருக்கு ஒன்பது, பதினொன்று. ஒரு பெண்ணின் உடலும் மனசும் பதினொரு முறை அதைத் தாங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கோளாறு கர்ப்பப்பையின் உள்வாயில் இருக்கிறது என்றால், இறுக்க வேண்டியதும் அங்கேதான் என்பது அவருடைய முடிவு. யோனிச் சுவரைக் கீறி, சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்கி, உள்வாய்க்கு முடிந்தவரை அருகே ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினார். அந்தப் பட்டைக்கு அவர் எடுத்தது நோயாளியின் தொடையிலிருந்தே வெட்டிய வலுவான நார்த்திசு. பிற்காலத்தில் அந்த இடத்துக்குச் செயற்கை இழை நாடாக்கள் வந்தன.

அந்தக் கட்டுரை வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயான் மெக்டொனால்ட் இன்னும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். கீறல் வேண்டாம், சுருக்குப் பையின் வாயில் கயிறு ஓடுவதுபோல, வெளியிலிருந்தே நாலைந்து இடத்தில் நூலைக் குத்தி எடுத்துச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டுவிடலாம். போடுவதும் சுலபம், எடுப்பதும் சுலபம் என்பதால் இன்று பரவலாகச் செய்யப்படுவது இதுதான். 1965இல் அமெரிக்காவின் பென்சனும் டர்ஃபியும் வயிற்றைத் திறந்து மேலேயே தைக்கும் முறையைச் சொன்னார்கள். கீழேயிருந்து போட்ட தையல் தோற்றுப்போன பெண்களுக்கு அது. இந்த வகைத் தையல் பொதுவாக உள்ளேயே இருக்கும், பிரசவம் சிசேரியன்தான். 2020இல் வந்த ‘மாவ்ரிக்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு தையல் தோற்ற பெண்களில் வயிற்று வழித் தையல் போட்டுக்கொண்டவர்களில் 8 சதவீதம் பேருக்கே 32 வாரத்துக்கு முன் பிரசவமானது. மறுபடியும் சாதாரணக் கீழ்த்தையல் போட்டவர்களில் அது 33 சதவீதம். ஒருமுறை தையல் தவறியதால் எல்லாம் முடிந்தது என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஷிரோத்கருக்கு 1960இல் பத்மபூஷண், 1971இல் பத்மவிபூஷண். அந்த 1971லேயே மறைந்தார்.

எல்லோருக்கும் வேண்டாம்

நம் மருத்துவமனைகளில் இந்தத் தையலுக்கு ‘ஓ.எஸ். டைட்டனிங்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. “எதுக்கும் ஒரு சேஃப்டிக்கு தையல் போட்டுடலாம்” என்ற பேச்சு சாதாரணமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை, ஆய்வுகளும் ஏற்கவில்லை.

1993இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுதான் இதில் மிகப் பெரியவற்றில் ஒன்று. தையல் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர்களுக்கே சந்தேகம் இருந்த 1,292 பெண்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தையல். 33 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போட்டவர்களில் 13 சதவீதம், போடாதவர்களில் 17 சதவீதம். அதாவது 25 பேருக்குத் தைத்தால் ஒருவருக்குத்தான் பலன். மற்ற 24 பேருக்கும் மயக்க மருந்து, தொற்று அபாயம், பதற்றம். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலும் தையல் போட்டவர்களுக்கே அதிகம். ஆனால் அதே ஆய்வில், முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கர்ப்பங்கள் குறைமாதத்திலேயே முடிந்த பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது கணக்கே வேறு: 32 சதவீதம் 15 ஆக இறங்கியிருந்தது. பாதிக்குப் பாதி.

ஆக, போன தடவை நடந்ததைக் கேட்டுச் சரியான பெண்ணைத் தேர்ந்தால் இந்தத் தையல் பிள்ளையைக் காப்பாற்றுகிறது; கண்ணை மூடிக்கொண்டு போட்டால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

இன்றைக்கு மூன்று சூழ்நிலைகளில் தைக்கிறார்கள். ஒன்று, பழைய கதை தெளிவாக இருக்கும்போது - நடுமாதங்களில் வலியில்லாத இழப்பு. இவர்களுக்கு 12 முதல் 14 வாரத்துக்குள். எத்தனை இழப்பு என்பதில் நாடுகளுக்கிடையே ஒத்த கருத்து இல்லை. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் மூன்று என்கிறது. அமெரிக்கர்கள் அடையாளம் தெளிவாக இருந்தால் ஒன்றே போதும் என்கிறார்கள். மூன்று பிள்ளைகளை இழந்த பிறகுதான் தையல் என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டாவது சூழ்நிலை இருப்பதால் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அது ஸ்கேன். முன்பு ஒருமுறை குறைப்பிரசவமோ நடுமாத இழப்போ ஆன பெண்ணுக்கு, 16ஆவது வாரம் தொடங்கி 24ஆவது வாரம்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாயின் நீளத்தை அளந்துகொண்டே வரலாம். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அப்போது தையல். இப்படிப்பட்ட 504 பெண்களின் விவரங்களை ஐந்து ஆய்வுகளிலிருந்து சேர்த்து 2011இல் கணக்கிட்டார்கள். 35 வாரத்துக்கு முந்திய பிரசவம் தையல் இல்லாதவர்களில் 41 சதவீதம், தையல் போட்டவர்களில் 28. நீளம் குறையாதவர்கள் தையலே இல்லாமல் தப்பித்துக்கொள்வார்கள்.

இந்த அளவை வயிற்றின் மேல் கருவியை வைத்துச் சரியாக எடுக்க முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, யோனி வழியாகச் செய்யும் ஸ்கேன் வேண்டும். “உள்ள விட்டு ஸ்கேன் பண்ணா கலைஞ்சிடும்” என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. கலையாது. அந்தக் கருவி வாயைத் திறப்பதில்லை. ஐந்தாம் மாதம் ‘டிஃபா’ ஸ்கேன் எடுக்கப் போகும்போது, முன்னால் இழப்பு இருந்தவர்கள் “சர்விக்ஸ் அளவு பாருங்க” என்று வாய்விட்டுக் கேட்கலாம்.

முன்பு எந்த இழப்பும் இல்லாத பெண்ணுக்கு ஸ்கேனில் எதிர்பாராமல் நீளம் குறைந்து தெரிந்தால் முதல் மருந்து பெரும்பாலும் தையல் அல்ல, புரோஜெஸ்டிரோன். இரவில் யோனிக்குள் வைத்துக்கொள்ளும் மாத்திரை. இரட்டைப் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகத் தைப்பதிலும் பலன் நிரூபணமாகவில்லை.

மூன்றாவது, வாய் திறந்து பனிக்குடம் கண்ணுக்குத் தெரியும்போது அவசரமாகப் போடும் தையல். வலி, ரத்தப்போக்கு, காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டால்தான் அதற்கு வழி. தொற்று ஏறியிருந்தால் தைப்பது தாயின் உயிருக்கே ஆபத்து. இதில் தோல்வி அதிகம். ஆனாலும் சில வாரங்கள் கிடைத்தால்கூட அது பெரிய லாபம். 22 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் உள்ள இடைவெளி, பச்சிளங்குழந்தைப் பிரிவில் மரணத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளி.

2020இல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரத்துக்கு முன் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்தின் குறைமாதப் பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அதில் கர்ப்பப்பை வாய்க் கோளாறால் வருவது சிறு பங்குதான். ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் கரு, ரத்தசோகை என்று காரணங்கள் நீளும். காற்று மாசும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து போரூர் ஸ்ரீராமச்சந்திரா குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடக் கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைவதைக் காட்டியது. எண்ணூரின் சாம்பலும் மணலியின் புகையும் சுவாசிக்கும் தாய்மாருக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. ஆனால் எந்தத் தையலும் அதற்கு மருந்தாகாது. அந்தப் பொறுப்பு ஆலைகளுடையது, அரசுடையது.

அரை மணி நேரம்

தையல் போடும் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். முதலில் ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பையும் அமைப்பையும் பார்ப்பார்கள். தொற்று இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அதன்பின் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வயிற்றில் கீறல் கிடையாது. அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். சில மருத்துவமனைகளில் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் லேசாக ரத்தக்கறை படலாம், அடிவயிறு இழுக்கலாம். எந்த நூல் நல்லது என்ற பழைய சர்ச்சைக்கும் ஓரளவு விடை கிடைத்துவிட்டது. 2,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஒற்றை இழை நூலுக்கும் பின்னிய நூலுக்கும் பிள்ளை இழப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

குடம் சொட்டுவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், ரத்தம், விட்டுவிட்டு வரும் வலி - இவற்றில் எது தெரிந்தாலும் காலை ஓ.பி.க்காகக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். தையல் இருக்கும்போது பிரசவ வலி முற்றினால் கர்ப்பப்பை வாயே கிழிந்துவிடும். அதனால் ஆம்புலன்ஸில் ஏறியதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை “தையல் போட்டிருக்கு” என்பதுதான்.

“அஞ்சு மாசம் படுக்கையை விட்டு எழுந்திரிக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. படுத்தே கிடப்பதால் பிள்ளை தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாய் நீளம் குறைந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கே குறைப்பிரசவம் அதிகமாக இருந்தது. அதை வைத்து ஓய்வுதான் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ஓய்வு காப்பாற்றும் என்று சொல்லவும் முடியாது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து மட்டும் நிச்சயம்.

காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்கும் பெண்ணுக்கும், தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்த ‘முழு ஓய்வு’ என்பது ஐந்து மாத வருமானம். அடகுக்கடைக்குப் போகும் நகை. பிள்ளைக்காக அதையும் செய்வார்கள். பலன் இல்லாத ஓர் அறிவுரைக்காக அவர்களை அப்படிச் செய்ய வைக்கலாமா? பாரம் தூக்குவதையும் நீண்ட நேரம் நிற்பதையும் குறைத்து, வழக்கமான வீட்டு வேலையோடு நடமாடலாம் என்பதே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். தாம்பத்தியம் பற்றி டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது.

பதிவான நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 26 வாரத்துக்குள் கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை. கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம். இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கும் இதே போன்ற பலன்கள் உண்டு. ஐந்தாம் மாதத்தில் பிள்ளையை இழந்துவிட்டு மூன்றாம் நாளே ஷிஃப்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய முதல் ஆள், அவளுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் மருத்துவமனை என்பேன்.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அதில் நான்கு வரி கூடுதலாக வேண்டும்: எத்தனை வாரம், வலி முதலிலா குடம் உடைந்தது முதலிலா, வாய் எவ்வளவு திறந்திருந்தது, பிள்ளையின் எடை. கீழே இன்னொரு வரி, தமிழில்: ‘அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கவும், இந்தச் சீட்டைக் காட்டவும்.’ இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒவ்வொரு கர்ப்பிணியையும் ‘பிக்மி’ எண்ணில் பதிவு செய்கிறோம். 12 வாரத்துக்குள் பதியச் சொல்லிப் பிரசாரமும் செய்கிறோம். தையலுக்கு உகந்த வாரமும் அதே 12தான். பதிவு செய்யும் நகர்ப்புற சுகாதார நிலையத்தின் செவிலியர், முன்னால் அபார்ஷன் என்று ஒரு பெண் சொன்னவுடன் “எத்தனாவது மாசம்மா? வலி இருந்துச்சா?” என்று கேட்டாலே போதும். நாலாம் மாதத்துக்கு மேல், வலியில்லை என்ற பதில் வந்தால் அன்றே ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கோ எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடலாம்.

சீட்டு கிடைக்காதவர்கள் நினைவிலிருந்தே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாம். வீட்டில் படித்த பிள்ளை யாராவது எழுதட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களில், பேச மொழி இல்லாத பெண்ணுக்கு அந்தத் தாள்தான் வாய்.

தாள் இன்னொரு இடத்திலும் தேவைப்படுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போவாள். தையல் போட்டது ராயபுரத்தில். தாய்வீடு ராமநாதபுரத்திலோ நெல்லூரிலோ இருக்கலாம். அங்கே பார்க்கும் டாக்டருக்குத் தையல் விவரம் தெரியவில்லை என்றால், வலி வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார். வளையலோடும் புடவையோடும் அந்த அறுவை சிகிச்சைக் குறிப்பும் பையில் போக வேண்டும். முடிச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுவரை அதில் எழுதியிருப்பார்கள்; பிரிப்பவருக்கு அது உதவும்.

36 அல்லது 37ஆவது வாரத்தில், அதாவது ஒன்பதாம் மாதத்தில், கீழேயிருந்து போட்ட தையலைப் பிரிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்துகூட வேண்டாம். சில நிமிட வேலை. தையலைப் பிரித்த அன்றே பிள்ளை பிறந்துவிடும் என்று குடும்பமே ஆஸ்பத்திரி வாசலில் பாயை விரித்துக் காத்திருக்கும். அப்படி ஆவது சிலருக்குத்தான். பலருக்கு வலி வர சராசரியாக இரண்டு வாரம் ஆகிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, நடந்து, தூங்கி, வலி வந்தபின் வரலாம். இந்தத் தையல் போட்டதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை.